கயிறு போட்டவனுக்குப் பங்கு

கடற்படையில் தப்புச் செய்தால் கப்பல் தரை தட்டும், அந்த நிமிஷமே தெரிந்துவிடும். வெளியுறவுத் துறையில் செய்த தப்பு வெளியே தெரியும்போது, செய்தவருக்கு வேறு நாட்டுக்கு மாற்றல் வந்திருக்கும். இரண்டு உத்தியோகத்தையும் பார்த்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, திருவொற்றியூருக்கே திரும்பி வந்து கொசுக்கடியில் உட்கார்ந்திருப்பவன் என்கிற தகுதியில் இதை எழுதுகிறேன்.

தலைக்கு மேல் அதிகாரி என்று ஒருவர் இருப்பவர்கள் எல்லோரும் இதைப் படிக்கலாம். ஏதாவது ஓர் அலுவலகத்தில் "பார்க்கலாம்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு படியிறங்கியவர்கள் என்றால் இன்னும் விசேஷம். நாமெல்லாம் ஒரே வரிசையில் நின்றவர்கள். ஒன்றே ஒன்று. இதில் வருகிற வெளிநாட்டின் பெயரை மட்டும் கேட்காதீர்கள். கிழக்கே, கடலுக்கு அந்தப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் நின்ற பிறகும் சில பழக்கங்கள் நிற்பதில்லை.

வெள்ளைச் சட்டை

அப்பா எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்பாவோ அண்ணனோ ஏதாவது ஒரு ஷிஃப்டில் இருப்பார்கள். அந்தத் தெருவிலிருந்து ஒருவன் கடற்படையில் அதிகாரியாகச் சேர்ந்தது எல்லோருக்குமே புதுசு. முதல் விடுமுறைக்கு வந்தபோது, வெள்ளைச் சீருடையில்தான் தன்னோடு கோயிலுக்கு வர வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தார். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வால் பிடித்து நின்ற நாள் அது. கோயில் வாசலை அடைவதற்குள் சட்டையின் முன்பக்கம் ஒரு நிறம், முதுகுப் பக்கம் ஒரு நிறம். அம்மா முந்தானையால் தட்டத் தட்டக் கரி நன்றாக உள்ளே இறங்கியது.

தேரடிப் பக்கம் சலூன் கடைக்காரர் வெளியே வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். சின்ன வயதிலிருந்து எனக்கு முடி வெட்டியவர். எங்கள் ஏரியாவில் கப்பல் என்றால் துறைமுகம், துறைமுகம் என்றால் சரக்கு. வெள்ளைச் சட்டை என்றால் மேஸ்திரி. அவர் ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: "கப்பல்ல வேல கெட்ச்சிட்ச்சாமே நைனா? லோடு ஏத்துற சைடா, எறக்குற சைடா?"

தளத்தில் விழுந்த கூடை

தொண்ணூறுகளின் கடைசியில் நான் இருந்த ரோந்துக் கப்பல் கொஞ்ச காலம் சென்னையில் நின்றது. ஒரு காலைப் பொழுதில் எண்ணூருக்கு வெளியே கடலில் ஒரு லாஞ்சில் லுங்கியைக் கழியில் கட்டி ஆட்டிக்கொண்டிருந்தார்கள். லாஞ்சு என்பது காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கிற விசைப்படகு. எஞ்சின் படுத்துவிட்டது. கப்பலில் தமிழ் பேசுகிறவன் நான் ஒருத்தன்தான் என்பதால் என்னைச் சின்னப் படகில் இறக்கி அனுப்பினார்கள். கயிறு கொடுத்தோம், கட்டினார்கள், காசிமேட்டு வாய் வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தோம். லாஞ்சின் சொந்தக்காரர் பெயர் தேசப்பன். எண்ணூர் முகத்துவாரக்குப்பத்துக்காரர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், குரல் மட்டும் எங்கள் கப்பல் சங்குக்குச் சமம்.

கயிற்றை அவிழ்க்க வேண்டிய நேரத்தில் அவர் அவிழ்க்கவில்லை. கூடை கூடையாக மீனை எங்கள் தளத்துக்கு ஏற்ற ஆரம்பித்தார். பிடித்ததில் பாதி. எங்கள் கேப்டன் சட்டம் பேசுகிற மனிதர். அரசாங்கக் கப்பல் அன்பளிப்பு வாங்கக் கூடாது, திருப்பிக் கொடு என்றார். நான் போய்ச் சொன்னேன். தேசப்பன் முகம் மாறிவிட்டது. மேலே கேப்டன் வாங்க மாட்டேன் என்கிறார், கீழே தேசப்பன் கயிற்றை விட மாட்டேன் என்கிறார், நடுவில் நான். பின்னால் எனக்கு வாய்த்த வேலைக்கு அதுதான் ஒத்திகை என்று அப்போது தெரியாது. கடைசியில் கேப்டன் கொஞ்ச நேரம் அடிவானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் திரும்பியபோது மீன் சமையலறைக்குப் போயிருந்தது. தேசப்பன் கயிற்றை அவிழ்த்தபடி என்னிடம் சொன்னது இது: "கயிறு போட்டவன் பங்கு வாங்காம போனான்னா, அட்த்த தபா கயிறு கேக்க எனுக்கு எப்டி சார் வாய் வரும்? இத்த வாங்கிக்கோ. இல்லன்னா என்ன இட்டுகினு போயி அங்கியே வுட்டுட்டு வா."

கோட்டு

கடற்படையில் எனக்குக் குறுகிய கால ஒப்பந்தம். அது முடிகிற நேரத்தில் தேர்வு எழுதினேன். முதல் தடவை ஊற்றிக்கொண்டது, இரண்டாவது தடவை வெளியுறவுப் பணி கிடைத்தது. பயிற்சியில் என்னைப் பற்றி ஒரே புகார்தான்: எதைக் கேட்டாலும் ஆமாம் அல்லது இல்லை என்று சொல்லிவிடுகிறேன். கப்பலில் அப்படித்தான் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் மோதும். இங்கே ஆமாம் என்றால் "கவனத்தில் கொள்கிறோம்", இல்லை என்றாலும் "கவனத்தில் கொள்கிறோம்". குரலில்தான் வித்தியாசம் காட்ட வேண்டும். அதற்கு எனக்கு ரொம்ப நாள் பிடித்தது.

முதல் கோட்டுத் தைத்தது வண்ணாரப்பேட்டையில். தையல்காரர் கல்யாணத்துக்கு என்று நினைத்து உள்ளே சிவப்புத் துணி வைத்துவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு வீட்டில் நின்றேன். அப்பா ஈசிசேரில் சாய்ந்தபடி, அங்கே போய் என்னதான் செய்வாய் என்று கேட்டார். எனக்கு விளக்கத் தெரியவில்லை. சில விஷயங்களைச் சொல்லக் கூடாது அப்பா என்று மழுப்பினேன். அவர் சிரிக்காமல் சொன்னார்: "கப்பல்ல இருந்தப்ப எங்க கீறன்னு சொல்லக் கூடாதுன்ன. இப்ப இன்னா வேலன்னே சொல்லக் கூடாதுன்ற. அப்ப இது புரொமோஷன்தான்."

சீல்

இரண்டு நாடுகளில் இருந்துவிட்டு, இரண்டாயிரத்துச் சொச்சத்தில் சென்னைக்கே வந்து சேர்ந்தேன். துறைக்கு இங்கே ஒரு சின்ன அலுவலகம். பத்து மணிக்குக் கதவைத் திறந்தால் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் சான்றிதழ்களோடு வரிசையில் நிற்பார்கள். எல்லாவற்றையும் சரிபார்த்து முத்திரை குத்தி அனுப்ப வேண்டும். வெளிநாட்டு விருந்துகளில் கத்தி, முள்கரண்டியோடு மல்லுக்கட்டியதைவிட எனக்கு இது பிடித்திருந்தது. குத்தினால் குத்தியதுதான், கவனத்தில் கொள்வதெல்லாம் இல்லை.

புளியந்தோப்பிலிருந்து ஒரு கிரேன் ஆபரேட்டர் வந்தார். மனைவியையும் கூட அழைத்துப் போகிறார், அதனால் திருமணச் சான்றிதழ். கையெழுத்தில் ஒன்று குறைகிறது, வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன். வாங்கி வந்தார். நகல் கேட்டேன். எடுத்து வந்தார். கடைசியில் நான் முத்திரையை ஓங்கியபோது அந்தம்மா பக்கத்தில் நின்று, முதல் தடவை தாலி கட்டுவதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். புருஷன் பெருமூச்சு விட்டார்: "பத்து வர்சமா எம் பொண்டாட்டி குட்க்காத டார்ச்சர நீ ஒரே வாரத்துல குட்த்துட்ட சார். இப்பத்தான் கல்யாணம் ஆன மாதிரி கீது."

மீன்கூடையோடு வந்தவர்

அதே வரிசையில் ஒரு நாள் கையில் எந்தச் சான்றிதழும் இல்லாமல் ஒரு பெண் வந்து நின்றார். மீன்கூடையைக் காவலாளி வாசலிலேயே வைக்கச் சொல்லியிருந்தார். தெருப் பூனைகள் எல்லாம் அன்றைக்கு எங்கள் அலுவலகத்துக்குத்தான் வந்திருந்தன. பெயர் பாக்கியம், முகத்துவாரக்குப்பம், புருஷன் பெயர் தேசப்பன் என்றதும் நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

நடந்தது இதுதான். தேசப்பனும் கூட நான்கு பேரும் கடலுக்குப் போனார்கள். எஞ்சின் நின்றது. காற்று கிழக்கே தள்ளியது. குடிநீர் தீர்ந்துகொண்டிருந்த சமயத்தில், நான் பெயர் சொல்ல மாட்டேன் என்ற அந்த நாட்டு மீன்பிடிப் படகு ஒன்று கண்டு, கயிறு கட்டித் தன் துறைமுகத்துக்கு இழுத்துப் போனது. கரை சேர்ந்ததும் தேசப்பன் தன் வழக்கப்படி, ஐஸில் வைத்திருந்த மீனில் பாதியை அந்தப் படகுக்கு ஏற்றினார். துறைமுக அதிகாரிகள் அதைப் பார்த்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் நம் கடலில் மீன் பிடித்து, நம் துறைமுகத்திலேயே விற்கிறார்கள் என்று வழக்கு. வழி தவறி வந்ததற்கு மன்னிப்பு உண்டு. விற்றதற்கு ஜெயில் உண்டு, படகும் பறிமுதல். ஐந்து பேரும் உள்ளே. லாஞ்சைச் சங்கிலி போட்டுக் கட்டிவிட்டார்கள்.

அந்த லாஞ்சு பாக்கியத்தின் நகை அத்தனையும் விற்று வாங்கியது. ஐந்து வீட்டு அடுப்பும் அதை நம்பித்தான் எரிந்தது. எல்லாவற்றையும் அழாமல் சொல்லி முடித்தார், ஒரே ஒரு இடத்தில்தான் அவருக்குக் கோபம் வந்தது: "கயிறு போட்டவனுக்கு மீன் குட்த்தா ஜெயிலா சார்? குட்க்காதவனத்தான புட்ச்சி உள்ள போடணும்?"

தில்லிக்குச் சொன்னது

எனக்கு இந்த வழக்கம் முழுக்கத் தெரியும். நேரில் பட்டவன். அதனால் ரொம்பத் தைரியமாகத் தில்லியில் என் மேலதிகாரிக்கு போன் போட்டேன். அவர் நல்ல மனிதர், ஆனால் அவர் வாழ்க்கையில் பார்த்த பெரிய தண்ணீர் யமுனை. கயிறு கட்டி இழுத்த படகுக்குப் பங்கு கொடுப்பது எங்கள் கரையில் மரியாதை, அது விற்பனை இல்லை, காசு கைமாறவே இல்லை என்று விளக்கினேன். எழுத்தில் ஏதாவது ஆதாரம் உண்டா என்றார். கடலில் யார் எழுதிக்கொடுப்பார்கள் என்றேன். அப்படியானால் வழக்கம் என்பதற்கு என்ன சாட்சி என்றார். காசிமேடு முழுக்கச் சாட்சி என்றேன். அவர்கள் எல்லோரும் நம் ஆட்கள் அல்லவா என்றார்.

வாசலில் பாக்கியம் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் நானும் "பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்ப மனமில்லை. இன்னொரு முறை முயன்றேன். நன்றிக்காகத்தான் மீன் கொடுத்தார்கள் என்றாவது எழுதுங்கள் சார் என்றேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "மீன் கொடுத்தார்கள் என்று எழுதினால், மீன் பிடித்ததை நாமே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். மீன் இல்லாமல் நன்றி மட்டும் சொன்னார்கள் என்று எழுதலாமா?"

விருந்தாளிக் கப்பல்

நேரம் பாருங்கள், அதே நாட்டின் பயிற்சிக் கப்பல் ஒன்று நல்லெண்ணப் பயணமாகச் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தது. கடற்படையில் இருந்தவன் என்பதால் கேப்டனுக்குத் துணையாக இருக்க என்னைப் போட்டார்கள். கூடவே தில்லியிலிருந்து கண்டிப்பான உத்தரவு: மீனவர் விஷயத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. விருந்தில் கேப்டனோடு கப்பல், புயல், மோசமான சமையல்காரர்கள் என்று பேசினோம். கோட்டுப் போட்ட பிறகு நான் அவ்வளவு சகஜமாகப் பேசியது அன்றைக்குத்தான். மறுநாள் திட்டத்தில் கோயில், சிற்பம், பட்டுக்கடை. நான் நடுவில் "உள்ளூர் வாழ்வாதாரம்" என்று ஒரு வரியைச் சேர்த்து, காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு வண்டியைத் திருப்ப ஏற்பாடு செய்தேன்.

பாக்கியத்திடம் மட்டும் சொன்னேன். காலையில் நாங்கள் வருகிற நேரத்துக்கு யாராவது ஒரு லாஞ்சை இழுத்துக்கொண்டு வரட்டும், பங்கு கொடுப்பதை அந்த மனிதர் கண்ணால் பார்க்கட்டும், கோஷம் வேண்டாம், மனு வேண்டாம், ஒரு லாஞ்சு போதும் என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

நாங்கள் போய் இறங்கியபோது மூன்று லாஞ்சுகள் மூன்று லாஞ்சுகளை இழுத்துக்கொண்டு வந்தன. ஒரு கயிற்றில் சாமந்திப் பூ சுற்றியிருந்தது. இழுக்கப்பட்டவர்கள் புதுச்சட்டை போட்டிருந்தார்கள். இழுத்தவர்களுக்கு மீன்கூடையைச் சீர்வரிசை போல இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தார்கள், கொடுத்துவிட்டு எங்களைப் பார்த்துக் கும்பிட்டார்கள். பழுதான எஞ்சின் என்று சொன்ன லாஞ்சு ஒன்றில் எஞ்சினை அணைக்க மறந்துவிட்டார்கள், அது புகை விட்டுக்கொண்டு டபடபவென்று ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு அப்படியே தண்ணீரில் குதித்துவிடலாமா என்று இருந்தது. கேப்டன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "உங்கள் ஊரில் எஞ்சின் கெட்டுப் போன பிறகும் இவ்வளவு நன்றாக ஓடுமா?"

சண்டை

காரியம் கெட்டது என்று நான் வண்டிப் பக்கம் திரும்பினேன். அப்போது பின்னால் கூச்சல் கேட்டது. தேசப்பனின் தம்பி கன்னியப்பன் நாடகத்துக்காக ஒரு கூடை வஞ்சிரத்தைப் பக்கத்து லாஞ்சுக்காரரிடம் கொடுத்திருந்தார். எங்கள் தலை மறைந்துவிட்டது என்று நினைத்துத் திருப்பிக் கேட்டிருக்கிறார். வாங்கியவர் கூடையின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"சொம்மா ஆக்ட்டுக்குதானே குட்த்தேன், எட்றா கூடைய."

"ஆக்ட்டோ கீக்ட்டோ, கயிறு போட்டனா இல்லியா? இம்மாந்தூரம் இழுத்துகினு வந்தனா இல்லியா? டீசலு ஆக்ட்டுல எரிஞ்சிச்சா?"

"டேய், எஞ்சின் நல்லாத்தான்டா கீது!"

"அது உன் பேஜாரு. பங்குன்னு கைல வாங்கினத திருப்பிக் குட்த்தா நாளைக்கி எவன்டா எனுக்கு கயிறு போடுவான்? காறித் துப்புவானுங்க."

கூட்டம் சேர்ந்தது. கன்னியப்பன் பக்கம் ஒருவர்கூடப் பேசவில்லை. அவர் சொந்தக்காரர்களே, வுட்டுட்றா, குட்த்தது குட்த்ததுதான் என்றார்கள். கடைசியில் பாக்கியம் கொழுந்தன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கேப்டன் என்ன சண்டை என்று கேட்டார். மறைப்பதற்கு இனி என்ன இருக்கிறது, ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் அந்தக் கூடையையே பார்த்தார். தன் ஊரில் மீன் பிடிக்கிற மாமனும் ஒரு முறை இப்படித்தான் கூடை மேல் உட்கார்ந்தார் என்று மெதுவாகச் சொன்னார். வண்டியில் ஏறிய பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசினார்: "கேட்கக் கூடாது என்று உங்களுக்கு உத்தரவு. பதில் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அதனால் நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அந்த ஐந்து பேரின் பெயரை மட்டும் கொடுங்கள்."

போன்

அவர் ஊருக்குப் போய் யாரிடம் என்ன சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கொஞ்ச நாளில், மீன் விற்ற குற்றச்சாட்டு கைவிடப்பட்டது என்று செய்தி வந்தது. ஐந்து பேரும் விடுதலை, விமானத்தில் அனுப்புகிறோம் என்றார்கள். எனக்கு அலுவலகத்தில் நடனம் ஆடலாம் போல இருந்தது. அடுத்த வரி, பறிமுதல் உத்தரவு தனி இலாகா, அது தனியாகப் பரிசீலிக்கப்படும், படகு தற்போது இங்கேயே இருக்கும். அதற்கடுத்த வரி, லாஞ்சு இல்லாமல் வர மாட்டோம் என்று ஐந்து பேரும் விமானம் ஏற மறுக்கிறார்கள்.

அந்த நாட்டு அதிகாரிகளுக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. திறந்த கதவு மறுபடி மூடிவிடும் என்று அங்கிருந்த நம் தூதரக நண்பர் எச்சரித்தார். பாக்கியத்தை வரவழைத்தேன். ஆளை மட்டும் வரச் சொல்லும்மா என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் கூசியது. சொன்னேன். நண்பர் அங்கே இணைப்புப் போட்டுக் கொடுத்தார். தேசப்பன் குரல், அந்தச் சங்குக் குரல், தேய்ந்து போய்க் கேட்டது. "லாஞ்சு கண்ணெதுர கீது பாக்கியம். வுட்டுட்டு எப்டி வர்றது? நம்ம வூட்டு சாமான் மொத்தமும் அதுலதான கீது?"

பாக்கியம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு திட்டுவது போலக் கத்தினார். "லாஞ்ச ஆசாரி செய்வான்யா. உன்ன எவன் செய்வான்? பேசாம ஏறி வா." போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்: "நீ சொல்லச் சொன்னத சொல்ட்டேன் சார். அவுரு வந்துருவாரு. இனிமேட்டு லாஞ்சுக்கு நீதான் பொறுப்பு."

வந்தவர்கள்

வந்தார்கள். விமான நிலையத்தில் மாலை, போட்டோ, பேட்டி எல்லாம் நடந்தது. தில்லியிலிருந்து என்னைப் பாராட்டிக் கடிதம்கூட வந்தது. இரு நாட்டு நட்புறவின் அடையாளமாக விவகாரம் சுமுகமாக முடிந்தது என்று அதில் எழுதியிருந்தார்கள். லாஞ்சைப் பற்றி நான் எழுதிய கடிதங்களுக்கு மட்டும் ஒரே பதில்: பரிசீலனையில் உள்ளது. மற்றவர்களுக்கு அந்தப் பதிலை எழுதிக்கொண்டிருந்த நான், அதை வாங்கிக்கொள்கிற பக்கம் நின்றது அப்போதுதான். நிற்கிற இடம் மாறினால் அதே வார்த்தை எவ்வளவு கசக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

தேசப்பன் வேறொருவர் லாஞ்சில் கூலிக்கு ஏறினார். சொந்த லாஞ்சில் சுக்கான் பிடித்தவர், இன்னொருவர் லாஞ்சில் வலை இழுத்தார். பாக்கியம் மீன் விற்றுவிட்டுப் போகும்போது அலுவலகத்துக்கு வந்து எட்டிப் பார்ப்பார். நான் தலையசைப்பதிலேயே பதிலைத் தெரிந்துகொண்டு போய்விடுவார். ஒரு நாள், ஐந்து பேரும் பத்திரமாக வந்துவிட்டார்களே, அதுவே பெரிசு இல்லையா என்று ஆறுதலாகச் சொல்லிப் பார்த்தேன். அவர் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டார்: "வந்தாரு சார், இல்லன்னு சொல்லல. ஆனா தெனிக்கும் வேலைக்கி போறதுக்கு முன்னால அந்தத் தெச பாத்துகினு ஒக்காந்துகினு கீறாரு. எனுக்கு பாதி ஆளுதான் சார் வந்துகீறாரு."

சாய்வு

அந்த வருஷ மழைக்காலத்தில் அங்கே ஒரு புயல் அடித்தது. தூதரக நண்பர் போன் செய்தார். சங்கிலி அறுந்து லாஞ்சு துறைமுகத்துக்கு வெளியே சேற்றில் சொருகிக்கொண்டதாம், ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கிறதாம். இதைப் போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முகத்துவாரக்குப்பத்துக்கு நேரிலேயே போனேன். தேசப்பன் மணலில் கால் நீட்டி வலை பிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தம் பாட்டுக்குப் புகை விட்டுக்கொண்டிருந்தன. விஷயத்தைச் சொன்னேன். அவர் கை நின்றது. அழுவார் என்று நினைத்தேன், அல்லது என்னை நாலு வார்த்தை கேட்பார் என்று நினைத்தேன். கேட்டால் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், எந்தப் பக்கம் சார் சாஞ்சி கீது?

கடலில் இருந்தவனுக்கு அந்தக் கேள்வி புரியும். கரைப் பக்கம் சாய்ந்திருந்தால் அடிப்பாகம்தான் அலையை வாங்கும், உள்ளே எஞ்சின் பிழைக்கும். கடல் பக்கம் சாய்ந்திருந்தால் ஒவ்வொரு அலையும் உள்ளேயே விழும், அப்புறம் விறகுதான். நண்பரைக் கேட்டேன். தூதரகம் இருக்கிற ஊர் வேறு, மேலிடத்து அனுமதி இல்லாமல் அந்தத் துறைமுகத்துக்குப் போக முடியாது என்றார். அதனால் முறைப்படி தில்லிக்கு எழுதினேன்: படகு எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது என்பதைத் தெரிவிக்க ஆவன செய்க. மேலதிகாரியிடமிருந்து போன் வந்தது. அவர் குரலில் கிண்டல் இல்லை, உண்மையாகவே கவலை: "எழுதலாம், தடையில்லை. ஆனால் சாய்வின் திசை இரு நாட்டு உறவை எப்படிப் பாதிக்கும் என்று ஒரு பத்தி சேர்த்து அனுப்புங்கள்."

பதில்

சேர்த்து அனுப்பினேன். என் உத்தியோகத்தில் நான் எழுதியதிலேயே நேர்மையான பத்தி அதுதான். சாய்வு தெரிந்தால்தான் படகின் மதிப்பு தெரியும், மதிப்பு தெரிந்தால்தான் எதைக் கேட்கிறோம் என்று நமக்கே தெரியும் என்று எழுதினேன். அந்தக் கடிதம் இங்கிருந்து தில்லிக்கும், தில்லியிலிருந்து அந்த நாட்டுக்கும், அங்கே ஓர் இலாகாவிலிருந்து இன்னோர் இலாகாவுக்கும் போய், யாரோ ஒரு கடைநிலைச் சிப்பந்தி கரையில் நின்று பார்த்து, அதே வழியாகப் பதில் திரும்பி வந்தது. அதற்குள் எனக்கு மாற்றல் உத்தரவு வந்து பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். பதிலில் இருந்தது இரண்டே வார்த்தை: கரைப் பக்கம்.

அன்றைக்கே குப்பத்துக்குப் போனேன். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் இருந்தார்கள். சொன்னேன். தேசப்பன் எழுந்து நின்றுவிட்டார். லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, உடனே கிளம்புகிறவர் போல நாலு எட்டு தண்ணீரை நோக்கி நடந்தார். அப்புறம் எங்கே போவது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும், கணுக்கால் தண்ணீரில் நின்றுவிட்டார். பாக்கியம் தலையைக் குனிந்துகொண்டார். தேசப்பன் திரும்பிப் பார்த்து, பழைய சங்குக் குரலில் கத்தினார்: "அப்ப இன்னும் உசுரு கீது சார்! நாலு ஆளு, ரெண்டு கயிறு இருந்தா போதும், நிமித்திடலாம்! போவதான் வுட மாட்றானுங்கோ!"

கடலிலும் கோட்டிலுமாக நான் பார்த்த உத்தியோகத்தின் மொத்தச் சாதனை என்ன என்று யாராவது கேட்டால், இரண்டு அரசாங்கங்களை வைத்து ஒரு படகு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சரியாகக் கண்டுபிடித்தேன், நிமிர்த்தத்தான் முடியவில்லை என்று சொல்லிக்கொள்கிறேன்.